நிற்றலும் நீங்குதலும்: கடைமடை ஊரில் ஓர் இணைய இணைப்பு எழுப்பும் அறக்கேள்வி

வீட்டுக்கு இணையம் வழங்கும் நிறுவனத்திடம் தொடர்ந்து இருப்பதா, அதை விட்டு வேறொன்றுக்கு மாறுவதா என்னும் முடிவு, வேகத்தையும் மாதக் கட்டணத்தையும் பழுது நீக்க ஆகும் நாட்களையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டால் தீர்ந்துவிடும் வரவுசெலவு விவகாரமாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. அக்கணக்கு தேவையானதே. ஆயினும், பல ஆண்டுகள் ஒரே நிறுவனத்தின் சந்தாதாரராக இருந்துவிட்ட ஒருவர் மாறத் துணியும் வேளையில், அக்கணக்கில் அடங்காத ஒரு தயக்கம் அவரிடம் எழுவதும், அது சோம்பலா, பழக்கத்தின் பிடியா, உண்மையான ஒரு கடமையின் உணர்வா என்று அவராலேயே பிரித்தறிய இயலாமற் போவதும் பலரும் அறிந்தவை. பணம் கொடுத்துப் பெற்ற சேவைக்கு நன்றிக்கடன் உண்டா, உண்டெனில் அது யாருக்கு உரியது, ஒருவர் நீங்குவதால் நீங்க இயலாதவர்களுக்கு நேரும் குறையில் நீங்கியவருக்குப் பங்கு உண்டா என்னும் மூன்று கேள்விகள் அத்தயக்கத்தினுள் பொதிந்துள்ளன. எது செய்யத் தக்கது என்பதை ஆராயும் தத்துவப் பிரிவாகிய அறவியல், இணையம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே பேசிவரும் கேள்விகள் இவை.

இவற்றை ஓர் ஊரில் வைத்து ஆராய்வது தெளிவு தரும். விழிதியூர், காரைக்கால் மாவட்டத்தின் நெல்வயல்களுக்கு நடுவே அமைந்த சிற்றூர். 1739-இல் தஞ்சை மராத்தியரிடமிருந்து பிரெஞ்சியர் கைக்கு மாறி, 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்த காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததாயினும், புதுச்சேரி நகரிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தெற்கே, கிழக்கில் கடலும் ஏனைய திசைகளில் தமிழ்நாட்டு மாவட்டங்களும் சூழ அமைந்துள்ளது. ஆகவே தரைவழியாக வரும் எந்தத் தொலைத்தொடர்புக் கம்பியும் இன்னோர் அரசின் மண்ணைக் கடந்தே இங்கு வந்து சேர வேண்டியுள்ளது. அந்த மண்ணில் ஒரு சாலை தோண்டப்பட்டால், அதன் விளைவைப் புதுச்சேரி அரசுக்கு வரி செலுத்தும் ஒரு வீடு அனுபவிக்க நேரலாம். பிரான்சிலும் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் உறவினர் வாழும் குடும்பங்கள் மிகுந்த இப்பகுதியில், கடல் கடந்திருக்கும் மகனின் முகத்தைப் பெற்றோர் நாள்தோறும் காண்பதும், பிள்ளைகள் தேர்வுக்கு விண்ணப்பிப்பதும், ஓய்வூதியமும் மானியமும் வந்தனவா என்று அறிவதும் அந்த ஒரு கம்பியைச் சார்ந்தே நடைபெறுகின்றன.

இப்பகுதியின் இன்னொரு இயல்பு, பின்வரும் ஆராய்ச்சி முழுமைக்கும் அடிப்படையாவது. காரைக்கால் காவிரியின் கடைமடை. அதாவது, ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் முடிவடைந்து, கடலுக்கு முன்னால் கடைசியாகத் தண்ணீர் பாயும் நிலப்பகுதி. மேட்டூரில் திறந்துவிடப்படும் நீர் தலைமடை வயல்களையெல்லாம் நனைத்த பிறகு எஞ்சியதே இங்கு வந்து சேரும். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கென 7 டி.எம்.சி. நீரை ஒதுக்கியதும், உச்ச நீதிமன்றம் 2018-இல் அதனை மாற்றாமல் விட்டதும் இந்தக் கடைமடை வயல்களின் பொருட்டே. கடைமடை உழவர், தமக்கு மேலே இருப்பவர் எவ்வளவு எடுக்கிறார், வாய்க்காலைத் தூர் வாரினாரா, மடையைத் திறந்து வைத்தாரா அடைத்து வைத்தாரா என்பதைப் பொறுத்துத் தம் விளைச்சல் அமைவதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். ஒருவர் தம் வயலுக்குள் செய்யும் செயல் அவருடைய வயலோடு முடிவதில்லை என்பது இங்கு தத்துவம் கற்று அறிய வேண்டிய செய்தியன்று.

டெல்டாச் சிற்றூர்களுக்குத் தொலைபேசியை முதலில் கொண்டுவந்தது அரசுத் துறை. அத்துறையின் சேவைப் பிரிவு 2000 அக்டோபர் 1 முதல் பி.எஸ்.என்.எல். என்னும் பொதுத்துறை நிறுவனமாக இயங்கத் தொடங்கி, 2005 ஜனவரியில், ஏற்கெனவே வீடுகளுக்கு வந்திருந்த தொலைபேசிச் செப்புக் கம்பியின் வழியாகவே அகலக்கற்றை எனப்படும் விரைவு இணையத்தை வழங்க முற்பட்டது. செப்புக் கம்பியில் செல்லும் சமிக்ஞை தொலைவு கூடக்கூட மெலியும் இயல்பினது. ஆகவே தொலைபேசி நிலையத்துக்கு அருகிலிருந்த வீடு பெற்ற வேகத்தை, சில கிலோமீட்டர் தள்ளியிருந்த வீடு அதே கட்டணம் செலுத்தியும் பெறவில்லை. நீருக்குக் கடைமடையாக இருந்த ஊர் இணையத்துக்கும் கடைமடையாயிற்று. கண்ணாடி இழைக் கம்பி, பேச்சு வழக்கில் ஃபைபர், வந்த பின்னர்த் தொலைவின் குறை பெருமளவு நீங்கியது. எனினும் ஓர் இழை வழியில் பிரிக்கப்பட்டுப் பல வீடுகளுக்குப் பங்கிடப்படுவதால், மாலையில் அனைவரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது, மேலே செல்லும் பாதை குறுகலாக இருப்பின், பங்கீட்டின் கேள்வி வேறு உருவில் திரும்பி வருகிறது. 2016-இல் ஜியோவின் கைபேசிச் சேவையும் 2019-இல் அதன் வீட்டு ஃபைபர் சேவையும் தொடங்கியதும், ஏர்டெல் போன்ற பிற நிறுவனங்களும் ஊர்க் கேபிள்காரர்களும் இத்தொழிலில் இறங்கியதும், அதுவரை மாற்றுவழி அறியாதிருந்த குடும்பங்களுக்குத் தெரிவு என்ற ஒன்றை அளித்தன. தெரிவு வந்த பிறகே நிற்றலும் நீங்குதலும் அறக்கேள்வியாகின்றன. வேறு வழியில்லாத இடத்தில் நிற்பதற்குப் பற்று என்று பெயரிட முடியாது.

பணம் கொடுத்துப் பெறும் உறவின் இயல்பை முதலில் வரையறுத்தல் வேண்டும். கிரேக்கத் தத்துவ ஆசிரியர் அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலின் எட்டாம் நூலில், நட்பைப் பயன் கருதியது, இன்பம் கருதியது, நற்பண்பு கருதியது என மூன்றாகப் பகுத்து, முறையீடுகளும் மனத்தாங்கல்களும் மிகுதியும் எழுவது பயன் கருதிய நட்பிலேயே என்று கண்டார். அவர் அத்துடன் நில்லாமல், பயன் கருதிய உறவையும் இரண்டாகப் பிரித்தார்: இவ்வளவுக்கு இவ்வளவு என்று வெளிப்படையாகப் பேசி முடித்துக்கொண்ட ஒப்பந்த உறவு ஒன்று, அளவு பேசாமல் நண்பனுக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு, உள்ளத்தில் ஈடான திருப்பத்தை எதிர்பார்த்திருக்கும் உறவு மற்றொன்று. மனக்கசப்புக்குப் பெருங்காரணம், ஒருவகை உறவில் நுழைந்தவர் மற்றொரு வகை உறவிலிருந்து வெளியேறுவதாக எண்ணிக்கொள்வதே என்பது அவர் கருத்து. பழைய சந்தாதாரரின் மனத்தாங்கல் இவ்விளக்கத்தில் நன்கு அடங்குகிறது. அவர் கையெழுத்திட்டது ஒப்பந்தத்தில். ஆனால் புதிதாகச் சேர்பவருக்குக் குறைந்த கட்டணமும் இலவச ரவுட்டரும் அளிக்கப்பட, பல்லாண்டுகள் தவணை தவறாமல் கட்டிய தமக்குப் பழைய பிளானும் பழைய கட்டணமும் தொடர்வதை அறியும்போது அவர் புண்படுவது ஒப்பந்தம் மீறப்பட்டதனால் அன்று. பேசப்படாத ஒரு நட்பு மறுக்கப்பட்டதாக உணர்வதனால். நிறுவனமோ அத்தகைய நட்பு எதையும் ஏற்றதில்லை. ஆகவே, இத்தனை ஆண்டு இருந்ததற்காகவே இனியும் இருப்பேன் என்பது, மறுபக்கத்தில் யாரும் இல்லாத ஓர் உறவுக்குக் காட்டும் விசுவாசமாகவே முடிகிறது.

ஒப்பந்தத்துக்கும் தனக்கென ஓர் அறம் உண்டு. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் உடன்படிக்கைகளை நிறைவேற்றும் கட்டளையோடு தொடங்குகிறது. எண்பத்து மூன்றாம் அத்தியாயம் தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிப் பிறருக்கு அளக்கும்போது குறைப்பவரைக் கடிந்து பேசுகிறது. இந்துக்களோடு முஸ்லிம்களும் கிறித்தவர்களும் கலந்து வாழும் காரைக்காலில் இவ்விதி ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதாகக் கொள்ளப்படுவதில்லை. திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரமும், பிறர் பொருளைத் தம் பொருளாகக் கருதிச் செய்வதே வாணிகம் என்ற கருத்தோடு முடிகிறது. அளவின் அறம் இணையத்துக்கும் பொருந்தும். விளம்பரத்தில் ஒரு வேகத்தைக் கூறி, அதற்கு முன்னால் 'வரை' என்ற பொருளில் ஒரு சிறுசொல்லை இட்டு, நடைமுறையில் அதிற் பாதியையும் தராதிருப்பது குறைந்த அளவையால் அளப்பதே. அகலக்கற்றை என அழைக்கப்படத் தேவையான குறைந்தபட்ச வேகத்தை இந்திய அரசு 2004-இல் விநாடிக்கு 256 கிலோபிட் என்றும், 2013-இல் 512 கிலோபிட் என்றும், 2023-இல் 2 மெகாபிட் என்றும் உயர்த்தியது; அரசே மரக்காலின் அளவை மாற்றிவரும் நிலையில், வாங்குபவர் தாம் பெறும் அளவைச் சோதித்துப் பார்ப்பதை நன்றியின்மை என்று கருதத் தேவையில்லை.

அவ்வாறாயின் நன்றி என்பதற்கு இங்கே இடமே இல்லையா? திருக்குறளின் செய்ந்நன்றி அறிதல் அதிகாரம் உதவியின் பெருமையை அளக்க அதன் தொடக்கத்திலேயே மூன்று அளவுகோல்களைத் தருகிறது: தமக்கு முன்னர் எவ்வுதவியும் செய்யாதவருக்குச் செய்யப்பட்டதா, நெருக்கடியான காலத்தில் செய்யப்பட்டதா, திரும்பக் கிடைப்பதை எண்ணிப் பாராமல் செய்யப்பட்டதா என்பன அவை. மாதந்தோறும் கட்டணம் பெற்று வழங்கப்படும் இணைப்பு இம்மூன்றில் எதனையும் நிறைவு செய்வதில்லை. ஆனால் அந்த இணைப்பைச் சுற்றி நடக்கும் சில செயல்கள் நிறைவு செய்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, டெல்டாவில் மின்கம்பங்கள் பெருந்தொகையாகச் சாய்ந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. கம்பங்களோடு அவற்றில் கட்டியிருந்த கம்பிகளும் அறுந்து வீழ்ந்தன. அத்தகைய நாட்களில், தம் வீட்டுக் கூரையே பறந்துபோயிருக்க, ஊராரின் கம்பியைத் தேடி ஒட்டுவதற்கு ஏணியோடு வரும் லைன்மேனின் செயல், அவர் பெறும் ஊதியத்தால் விளக்கிவிடத்தக்கதன்று. முதியவர் ஒருவரின் வீட்டில் ரவுட்டரின் சிவப்பு விளக்கு அணையவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, பணம் வாங்காமல் திரும்பும் கேபிள்காரரின் செயலும் அவ்வகையினதே. நன்றிக்கடன் இங்கே உண்மையாகவே பிறக்கிறது. ஆனால் அது அந்த மனிதருக்கு உரியது, அவர் அணிந்த சட்டையில் பொறித்த பெயருக்கு உரியதன்று.

இந்த வேறுபாடு நடைமுறையில் ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. பல ஊர்களில் பி.எஸ்.என்.எல். ஃபைபர் இணைப்பை வீடு வரை இழுத்துப் பராமரிப்பவர், வருவாயில் ஒரு பங்கு பெறும் உள்ளூர்க் கூட்டாளி, பெரும்பாலும் முன்னர்க் கேபிள் டிவி நடத்தியவர். அவரே பின்னாளில் வேறொரு நிறுவனத்தின் இணைப்பையும் கொடுக்கத் தொடங்கலாம். அப்போது நிறுவனத்தை விட்டு நீங்குபவர் மனிதரை விட்டு நீங்குவதில்லை. நிறுவனத்தில் நிற்பவரும் பழைய மனிதரோடு நிற்பதாகக் கொள்ள இயலாது. யாரோடு நிற்கிறோம் என்பதே இங்கு கேள்வியாகிறது.

காரைக்காலுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகப்பட்டினம், முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னரின் சார்பில் எழுந்த சூடாமணி விகாரையால் பௌத்த உலகில் அறியப்பட்டிருந்தது. பௌத்தம் இக்கேள்வியை மிக நுட்பமாக ஆராய்ந்த மரபு. பாலி மொழி நூலாகிய மிலிந்த பஞ்ஹாவில், மிலிந்தன் என அழைக்கப்படும் கிரேக்க மன்னன் மெனாண்டருக்கு நாகசேனர் என்னும் துறவி, தேர் என்பது சக்கரமும் அச்சும் நுகமும் சேர்ந்த சேர்க்கைக்கு இட்ட பெயரேயன்றித் தனியொரு பொருளன்று என்று விளக்குகிறார். இரவு முழுதும் எரியும் விளக்கின் சுடர் முதல் யாமத்திலும் கடைசி யாமத்திலும் அதுவே எனவும் கூற முடியாது, வேறு எனவும் கூற முடியாது என்கிறார். பி.எஸ்.என்.எல். இவ்விளக்கத்துக்குப் பொருத்தமான சான்று. 2019-இல் அறிவிக்கப்பட்ட விருப்ப ஓய்வுத் திட்டத்தின்படி 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள், அதாவது மொத்தப் பணியாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் பணியிலிருந்து விலகினர். செப்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்தது. அரசு ஊழியரான லைன்மேன் போய்ப் பங்குதாரரான உள்ளூர்க்காரர் வந்தார். எஞ்சியது பெயர். பழைய லைன்மேனுக்குப் பட்ட நன்றியை அந்தப் பெயரின்மேல் ஏற்றிவைத்துச் செலுத்துவது, தேரைத் தனிப்பொருளாகக் கருதும் பிழையே.

இதிலிருந்து, பழையது எதுவும் புதியதைக் கட்டுப்படுத்தாது என்ற முடிவுக்கு நாகசேனர் செல்லவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பிறர் நட்ட மரத்தில் மாம்பழம் திருடியவன், நட்ட விதை வேறு, தான் பறித்த கனி வேறு என்று வாதிட்டுத் தப்ப முடியாது. அக்கனி அவ்விதையின் தொடர்ச்சியில் வந்தது என்பது அவருடைய மற்றொரு விளக்கம். ஊழியர் மாறினாலும் தொழில்நுட்பம் மாறினாலும், சந்தாதாரர் அன்று கட்டிய டெபாசிட் தொகையை இன்று திருப்பித் தரும் கடமை நிறுவனத்துக்குத் தொடர்கிறது. தொடர்ச்சி கடனைச் சுமந்து வருகிறது. நன்றியோ மனிதரின் உள்ளத்தைச் சார்ந்தது. உள்ளமில்லாத தொடர்ச்சிக்கு அதனை மாற்றிக் கொடுக்க இயலாது.

இதுவரை கண்டவை நீங்குவதற்கே இடமளிப்பனபோலத் தோன்றும். மூன்றாம் கேள்வி, நீங்க இயலாதவரைப் பற்றியது, இனித்தான் வருகிறது. அதுவே இவற்றுள் கனமானது. ஜெர்மனியில் பிறந்த பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூலில், ஓர் அமைப்பு தரம் தாழும்போது அதனைச் சார்ந்தவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன என்றார்: விலகிச் செல்லுதல் ஒன்று, உள்ளிருந்து குரல் எழுப்புதல் மற்றொன்று, பற்று என்பது விலகுதலைச் சற்றே தாமதப்படுத்திக் குரலுக்கு நேரம் தரும் ஆற்றல். அவரை இச்சிந்தனைக்குத் தூண்டியது நைஜீரிய இரயில்வே. லாரிப் போக்குவரத்து என்னும் போட்டி வந்தபோது இரயில்வே திருந்தும் என்று பொருளியல் பாடம் எதிர்பார்த்தது, நடந்ததோ நேர்மாறானது. குறைகளை உரக்கச் சொல்லக்கூடிய பெரிய வணிகர்கள் முதலில் லாரிக்கு மாறிவிட, எஞ்சியவர்களின் குரல் எடுபடாமற் போயிற்று; இழப்பை அரசுக் கருவூலம் ஈடுகட்டியதால் வாடிக்கையாளரின் விலகல் நிர்வாகத்தைச் சுடவும் இல்லை. பி.எஸ்.என்.எல். வரலாற்றில் இதன் சாயல் தெளிவாகத் தெரிகிறது. 2019-இல் ஏறத்தாழ 69,000 கோடி ரூபாய், 2022-இல் 1.64 லட்சம் கோடி, 2023-இல் 89,047 கோடி என மத்திய அரசு மூன்று மீட்புத் திட்டங்களை அறிவிக்க வேண்டியிருந்தது. படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் அதிகாரியிடம் பேசத் தெரிந்தவர்களும் முன்னரே விலகியிருந்தனர். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கைபேசிக் கட்டணத்தை உயர்த்தியபோது, சில மாதங்களுக்கு லட்சக்கணக்கானோர் பி.எஸ்.என்.எல். பக்கம் திரும்பியதும், ஒதுங்கிக் கிடந்த பொது நிறுவனம் ஒன்று உயிரோடிருப்பது தனியார் சந்தாதாரருக்கும் விலைக் காப்பாக உதவுகிறது என்பதைக் காட்டியது.

விலகுதலின் பெருங்குறை அதன் மௌனம். காரைக்காலில் மாங்கனித் திருவிழாவாக ஆண்டுதோறும் நினைக்கப்படும் காரைக்கால் அம்மையார் வரலாற்றில், சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறுமாறு, மனைவி புனிதவதியின் தெய்வத்தன்மையைக் கண்டு அஞ்சிய பரமதத்தன், காரணம் எதனையும் கூறாமல், வாணிகத்தின் பெயரால் கப்பலேறிச் சென்று பாண்டிய நாட்டில் வேறு மணம் செய்துகொள்கிறான். சுற்றத்தார் புனிதவதியை அழைத்துக்கொண்டு தேடிச் சென்று எதிரில் நின்ற பிறகே அவன் வணங்கிக் காரணத்தை வெளிப்படுத்துகிறான். பக்தியின் உச்சத்தைப் பாடும் அவ்வரலாற்றை ஒரு கட்டண உறவோடு சமமாக வைக்கலாகாது. ஆயினும், நீங்குபவர் காரணத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும்போது எஞ்சியிருப்பவர் எதையும் திருத்தவோ தெரிந்து அமையவோ வழியின்றி நிற்பர் என்பதை அது இம்மண்ணின் நினைவிலேயே பதித்து வைத்திருக்கிறது. பரமதத்தன் நீங்கியது பிழை என்று சேக்கிழார் கூறவில்லை. ஆனால் காரணம் வெளிப்படும் அந்தக் கட்டத்தை அவர் விட்டுவிடவும் இல்லை.

ஒரே ஒரு வீடு விலகுவதால் யாருக்கு என்ன குறை நேரும் என்னும் எதிர்வாதம் வலுவானது. ஆங்கிலேயத் தத்துவ ஆசிரியர் டெரெக் பார்ஃபிட் 1984-இல் வெளியான தம் நூலில் இவ்வாதத்தை ஆராய ஒரு கற்பனைச் சூழலை அமைத்தார். பாலைவனத்தில் தாகத்தால் வாடும் காயமுற்றோர் பலர். அவர்களுக்கென ஒரு வண்டித் தொட்டியில் தலைக்குச் சிறிதளவு நீர் ஊற்றுவோர் பலர். நீர் எல்லோருக்கும் சமமாகப் பகிரப்படும். ஒருவர் ஊற்றிய நீரால் எந்த ஒரு காயமுற்றவரின் தாகமும் உணரத்தக்க அளவு தணிவதில்லை. ஆனால் அனைவரும் ஊற்றிய நீர் அத்தனை பேரையும் காக்கிறது. உணரத்தக்க வேறுபாடு இல்லை என்பதால் தம் செயலுக்குப் பொருளே இல்லை என எண்ணுவது அறக்கணக்கில் ஒரு பிழை என்பது பார்ஃபிட்டின் முடிவு. வாய்க்கால் பராமரிப்பில் வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறை வைத்துக் குடிமராமத்துச் செய்த மரபுக்கு இது புதிய செய்தியன்று. ஒரு வீட்டின் ஆள் வராவிடினும் வாய்க்கால் தூர்ந்துவிடாது என்பதை அறிந்தே அம்முறை ஒவ்வொரு வீட்டையும் கட்டாயப்படுத்தியது. ஒரு தெருவில் பத்து வீடுகள் இருந்த இணைப்பில் எட்டு வீடுகள் மாறிவிட்டால், எஞ்சிய இரண்டு வீடுகளுக்காகக் கம்பம் ஏறிப் பழுது பார்ப்பது பராமரிப்பவருக்குக் கட்டுப்படியாவதில்லை. அந்த இரண்டு வீடுகள் பெரும்பாலும் முதியவர்களுடையவை: மகன் வெளிநாட்டிலிருந்து அழைக்கும் பழைய தொலைபேசி எண்ணை விட மனமில்லாதவர்கள், ஆறு மாதத் தொகையை முன்பணமாகக் கட்டிப் புதிய இணைப்பைப் பெற இயலாதவர்கள். கைபேசி எண்ணை நிறுவனம் மாறியும் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரி முதல் நாடெங்கும் நடைமுறையில் இருக்க, வீட்டுத் தரைவழி எண்ணுக்கு அத்தகைய உரிமை நடைமுறைக்கு வரவில்லை என்பது அவர்களின் கட்டைப் பின்னும் இறுக்குகிறது. அவர்களே இணைய வாய்க்காலின் கடைமடை.

அப்படியாயின் மாறவே கூடாதா? இங்கு குடிமராமத்து ஒப்புமையின் எல்லையையும் கூற வேண்டும். வாய்க்கால் ஊருக்குப் பொது. ஆள் அனுப்பிய வீட்டுக்கும் அதிலிருந்து நீர் வந்தது. நீரே வராத வாய்க்காலுக்கு ஆண்டாண்டுக் காலம் ஆள் அனுப்புமாறு எந்த ஊரும் எவரையும் கட்டாயப்படுத்தியதில்லை. தேர்வுக்குப் படிக்கும் பெண்ணோ, வீட்டிலிருந்து வேலை பார்த்து ஊதியம் பெறும் இளைஞனோ உள்ள குடும்பம், மாதத்தில் பாதி நாள் அறுந்து கிடக்கும் இணைப்பில் பொதுநலன் கருதி நின்றுகொண்டிருக்க வேண்டும் என்பது, கடமையின் சுமையைத் தாங்கும் வலிமை குறைந்தவர் தோளில் ஏற்றுவதாகும். ஃபாஹீமா ஷிரின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் அளித்த தீர்ப்பு, இணையத்தை அணுகும் உரிமையைக் கல்வி உரிமையின் பகுதியாகவும் தனியுரிமையின் பகுதியாகவும் கண்டது. பிள்ளையின் கல்வி ஒரு பெற்றோரின் முதற்கடன். பொது நிறுவனத்தைக் காப்பது அவர்களுக்கு இரண்டாம் கடனே. கடைக்கோடி வரை சேவை சென்றடையச் செய்யும் கடன் முதன்மையாக அரசுக்கு உரியது. அதற்கெனவே தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் ஒரு பங்கைப் பெற்று உலகளாவிய சேவைக் கடப்பாட்டு நிதி ஏற்படுத்தப்பட்டது, 2023-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயர் மாற்றியது. அரசு தன் கடனைச் செய்யாத இடத்தில் அதனைக் குடும்பத்தின் மனச்சாட்சியில் தேடுவது முறையாகாது.

அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஜோசையா ராய்ஸ் 1908-இல் பற்றைப் பற்றி எழுதிய நூலில், பற்று என்பது ஓர் இலட்சியத்துக்குத் தன்னை விரும்பி முழுமையாக ஒப்புக்கொடுத்தல் என்று வரையறுத்தார். அவ்வரையறை இங்கு பெரிதும் துணை செய்கிறது. பி.எஸ்.என்.எல். என்னும் பெயரோ பிறிதொரு நிறுவனத்தின் பெயரோ இலட்சியம் ஆகாது. கடைசி வீட்டுக்கும் இணைப்பு சென்று சேர வேண்டும் என்பது இலட்சியமாகத் தக்கது. அந்த இலட்சியத்துக்கு உண்மையாக இருப்பவர், பழைய நிறுவனத்தில் நின்றும் அதற்குப் பணியாற்றலாம், நீங்கியும் பணியாற்றலாம். வாய் திறவாமல் ஆண்டுக்கணக்கில் நிற்பவர் அதற்கு எதுவும் செய்தவர் ஆகார்; அவருடைய நிற்றல், மடி எனத் திருக்குறள் கடியும் சோம்பலின் ஒரு வடிவமாகவே பெரும்பாலும் இருக்கும். பொருளியலார் இந்நாளில் இதனை இருப்பதையே தொடரும் மனச்சாய்வு என்று அழைக்கின்றனர். பெயர் எதுவாயினும், அதனைப் பற்று எனக் கருதிப் பெருமை கொள்வது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

எனவே விழிதியூரின் ஒரு குடும்பம் இம்முடிவை எடுக்கும்போது, குரலெழுப்பும் கடமை விலகும் உரிமைக்கு முன்னால் நிற்கிறது என்று கொள்வதே பொருந்தும். அக்குரலுக்குச் சட்டம் சில படிகளை அமைத்துள்ளது: வாடிக்கையாளர் சேவை எண்ணில் புகாரைப் பதிந்து அதன் பதிவெண்ணைப் பெறுதல், தீராவிடில் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டிய மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லுதல், அங்கும் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுதல். தொலைத்தொடர்புப் பூசல்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்க முடியாது என்பதுபோல் 2009-இல் ஒரு தீர்ப்பு வந்து பலரைத் திருப்பி அனுப்பியிருந்தது; 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. மாவட்ட அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் கட்டணக் கழிவோ செல்லுபடிக் கால நீட்டிப்போ தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் வகுத்த விதியும், புயல் வழியில் அமைந்த ஒரு மாவட்டத்தார் அறிந்திருக்க வேண்டியது. இவ்வாறு எழுப்பப்படும் குரலின் பயன் அதனை எழுப்பியவரோடு நிற்பதில்லை. ஒரு புகார் எண்ணுக்காகக் கம்பம் ஏறி மாற்றப்படும் பழுதான இணைப்புப் பெட்டி, புகார் செய்யத் தெரியாத அடுத்த வீட்டுக்கும் இணையத்தைத் தருகிறது. தெருவார் சேர்ந்து எழுதும் மனுவுக்கு இதனினும் வலிமை உண்டு. ஒருவரின் மனு அதிகாரியின் கோப்பில் தங்கிவிடக்கூடும், இருபது வீட்டார் கையெழுத்திட்ட மனுவை அவ்வாறு கிடத்திவைப்பது கடினம்.

குரல் எழுப்பியும், நியாயமான காலம் காத்திருந்தும் பயன் கிட்டாதபோது நீங்குதல் குற்றமற்றது. பிள்ளைகளின் படிப்பும் குடும்பத்தின் பிழைப்பும் அதனைச் சார்ந்திருப்பின் அதுவே செய்யத் தக்கதும் ஆகும். அப்போதும் நீங்கும் முறையில் அறம் எஞ்சியிருக்கிறது. நிலுவைத் தொகையைத் தீர்த்து, நிறுவனத்தின் ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்து, காரணத்தை எழுத்தில் பதிந்து செல்வது நீங்குதலையே ஒரு குரலாக்குகிறது. நாள்தோறும் தெருவில் எதிர்ப்படும் உள்ளூர்ப் பராமரிப்பாளரிடம், பிழை மேலிடத்தில் இருக்க அவரைப் பழித்துவிட்டுச் செல்லாமல், செய்த உதவியைச் சொல்லி விடைபெறுவது செய்ந்நன்றியின் பாற்பட்டது. பழைய இணைப்பில் நின்றுவிட்ட முதியவரின் புகாரைத் தம் கைபேசியில் பதிந்து கொடுப்பதும், அவருடைய பழுது தீரும் வரை அதன் எண்ணைப் பின்தொடர்வதும், மாறிவிட்ட வீட்டாருக்கு இனித் தம் தேவையாக இல்லாத ஒரு கம்பியின்மேல் எஞ்சியிருக்கும் கடன்களாகும்.